நம் ஒலிக்களஞ்சியத்தின் திறவுகோல்

சென்ற ஆண்டு நம் தமிழ்த்துறையின் பழைய அலமாரி ஒன்றைத் துப்புரவு செய்தபொழுது, அதன் அடித்தட்டில் இருபது ஒலிநாடாக்கள் கிடக்கக் கண்டோம். இங்குப் பல்லாண்டு பணியாற்றி மறைந்த ஆசிரியர் ஒருவர் கம்பராமாயணத்தின்மேல் நிகழ்த்திய விரிவுரைகள் அவை. ஒரு நாடா இயக்கியவுடனே அறுந்தது. எஞ்சியவற்றைக் கணிப்பொறியில் பதிந்துகொண்டோம். யாம் முகங்காணாத அப்பெரியாரின் குரல் அறையெங்கும் நிறைந்தபொழுது, இது நம் கல்லூரியின் உடைமை, எமக்குப் பின் வருவோரும் கேட்டற்குரியது என்னும் எண்ணம் எம் நெஞ்சில் எழுந்தது.

அவ்விரிவுரைகளையும், தமிழ் மன்ற நாடகங்களையும், பாடகர் குழுவின் இசையையும் ஒருங்கே தொகுத்து, விடுதியிலும் வகுப்பிலும் வேண்டியபொழுது கேட்கவும் காணவும் தரும் சேவையகம் ஒன்றை நிறுவுதல் வேண்டுமென மாணவர் பலரும் விரும்புகின்றனர். விருப்பத்தில் வேற்றுமை இல்லை. எந்த மென்பொருளைக் கொண்டு நிறுவுவது என்பதிலேயே வழக்கு. அதுபற்றி எம் கருத்தைக் கூறத் துணிகின்றோம்.

இத்தகைய மென்பொருளின் தொழில் மூன்று. கோப்புகளை நூலகர்போல் வகுத்து அட்டவணைப்படுத்துதல் ஒன்று. கேட்போர் கருவிக்கு வலைப்பின்னல் வழியே அனுப்புதல் மற்றொன்று. அக்கருவி அறியாத வடிவில் கோப்பு இருப்பின், அறிந்த வடிவிற்கு அப்பொழுதைக்கப்பொழுது மாற்றித் தருதல் மூன்றாவது. இம்மூன்றாவதே பெருஞ்சுமை. எச்.265 முறையில் அமைந்த காட்சியைப் பழைய கருவி கேட்பின், சேவையகம் அதனை எச்.264 முறைக்கு மாற்ற நேரும். ஒரே பொழுதில் நால்வர் கேட்பின் எளிய கணிப்பொறி திணறும். ஆயின், காட்சிகளை எல்லாம் முன்னரே ஒருமுறை எச்.264 வடிவிற்கு மாற்றி வைப்பின் அச்சுமை பெரும்பாலும் ஒழியும். பேச்சோ இன்னும் எளிது. நொடிக்கு 64 கிலோபிட் வீதம் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 29 மெகாபைட் அளவே ஆகும். நாடா ஒவ்வொன்றும் 90 நிமிடமாயினும், பத்தொன்பதும் ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கும். முப்பது மாணவர் ஒருங்கே கேட்பினும் நொடிக்கு 2 மெகாபிட்டே செல்லும். ஆகலின் பெருவிலை பொறி வாங்கிய பின்னரே தொடங்கல் வேண்டும் என்பார் கூற்றுப் பொருந்தாது.

நிற்க. மாணவரிடை வழங்கும் பெயர்கள் பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் என்பன. பிளெக்ஸ் நிறுவுதற்கு எளிது. தொலைக்காட்சி, கைப்பேசி முதலிய கருவிகள் பலவற்றிற்கும் செயலி உடையது. ஆயினும் அது ஒரு வணிக நிறுவனத்தின் உடைமை. அந்நிறுவனத்தில் கணக்குத் தொடங்கியே அதனை ஆளல் இயல்பு. 2025 ஏப்ரல் 29 முதல், தம் சொந்தக் காட்சிகளையே வெளியிடத்திலிருந்து காண்பதற்குக் கட்டணம் என அந்நிறுவனம் விதித்தது. வாழ்நாட் கட்டணத்தையும் 119.99 டாலரிலிருந்து 249.99 டாலராக உயர்த்தியது. பயனர் விவரங்கள் அயலார் கைப்பட்டன என 2022இலும் 2025இலும் அந்நிறுவனமே அறிவித்தது. எம்பி முதலில் திறந்த மூலமாயிருந்து, 2018 இறுதியில் தன் மூலநிரலை மூடிக்கொண்டது. அதற்கு உடன்படாதார் முன்னைய நிரலைக் கொண்டு தனியே தொடங்கியதே ஜெல்லிஃபின். அதன் மூலநிரலை யாரும் காணலாம், திருத்தலாம், கட்டணம் இல்லை, நடுவண் கணக்கும் இல்லை. வெளியிணையம் அறுந்த நாளிலும் கல்லூரி வலைப்பின்னலுக்குள் அது இயங்கும். கைப்பேசித் தரவுக்குப் பணமில்லா மாணவனும் செலவின்றிக் கேட்பான்.

ஆதலின் ஜெல்லிஃபினையே கொள்ளல் வேண்டும் என்பது எம் துணிபு. நிறுவனங்கள் தம் பொருளுக்கு விலை கேட்டல் குற்றம் என யாம் கூறவில்லை. உழைப்பிற்குக் கூலி உண்டு. ஆனால் ஒரு கல்லூரியின் நினைவைப் பூட்டிய அறையின் திறவுகோல் பிறர் இடுப்பில் தொங்குதல் தகுமோ என்பதே எம் வினா.

"இலவசப் பொருளுக்குப் பொறுப்பேற்பார் யார்?" என மூத்தோர் சிலர் வினவுகின்றனர். நேரிய வினாவே. ஜெல்லிஃபின் தன்னார்வலர் பணி. வெளியூரிலிருந்து கேட்பதற்கு வேண்டும் பாதுகாப்பான வழியை நாமே அமைத்தல் வேண்டும்; புதிய பதிப்புகளைக் காலந்தாழாது ஏற்றல் வேண்டும்; சில தொலைக்காட்சிகளில் அதன் செயலி பிளெக்ஸின் செயலியளவு செம்மையுறவில்லை. இவற்றை மறைத்துப் பேசுதல் முறையன்று. பொறுப்பு நம்முடையது என்பதே எம் விடை. ஆசிரியர் ஒருவரும் ஆண்டுதோறும் மாணவர் இருவரும் இதனை மேற்கொள்க. செய்தன யாவற்றையும் தெளிந்த தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்து வருவோரிடம் ஒப்படைக்க. மாணவர் மூன்றாண்டில் நீங்குவர், குறிப்பேடு நீங்காது.

இன்னும் இரண்டு கூறி அமைவோம். மென்பொருள் அலமாரியே அன்றி நூலன்று. மூலப்பதிவுகளைப் பொதுவடிவில், நாளும் பொருளும் விளங்கப் பெயரிட்டு, வேறொரு வட்டிலும் படியெடுத்து வைத்தல் வேண்டும். நாளை ஜெல்லிஃபினே மங்கினும் மற்றொன்றை அமர்த்திக்கொள்ளலாம். அன்றியும், நம் களஞ்சியம் பிறர் திரைப்படங்களைத் திருடி அடுக்கும் கிடங்காதல் கூடாது. நம்முடையவற்றையே, உரியோர் இசைவு பெற்று வைத்தல் வேண்டும். விரிவுரைகளை வெளியிட அவ்வாசிரியரின் குடும்பத்தாரிடம் இசைவு வேண்டி எழுதியுள்ளோம்.

பழைய மாணவர் இல்லங்களில் இத்தகைய நாடாக்கள் இன்னும் எத்தனை உறங்குகின்றனவோ! அவை காந்தம் தேய்ந்து ஊமையாகுமுன் நமக்கு அனுப்புவாராக. அறுந்துபோன அவ்வொரு நாடாவில் யாது கூறப்பட்டிருந்தது என்பதை யாம் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.