சீனப்பேட்டையில் ஒரு நாள்

திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். மகன் அங்கே வேலை பார்க்கிறான், மகளுக்குப் பிரசவம் என்று நம் பக்கத்துப் பெற்றோர் பலர் போய் வருகிறார்கள். எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டால், தேக்கா மார்க்கெட், சிராங்கூன் சாலை என்பார்கள். சீனப்பேட்டைக்குப் போகவில்லையா என்றால் முகம் சுளிக்கிறது. "அங்கே நமக்கு என்ன வேலை?"

வேலை இருக்கிறது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் சிராங்கூன் சாலையில் இல்லை. சைனாடவுன் என்னும் சீனப்பேட்டையில்தான் இருக்கிறது. 1819-ல் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. அவர் 1827-ல் மரத்தாலும் ஓலையாலும் எழுப்பிய மாரியம்மன் கோயில் அது. கோயிலுக்கு ஒரு பக்கம் பகோடா தெரு, மறு பக்கம் டெம்பிள் தெரு. இரண்டு பெயரும் நம் மாரியம்மனால் வந்தவை. அதே சாலையில் கூப்பிடு தூரத்தில், தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நிற்கிறது. நடுவிலே சீனர் கடைகள்.

ஆகவே, சிங்கப்பூர் போகிறவர்கள் ஒரு நாளை அந்தப் பேட்டைக்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் யோசனை. வேடிக்கை பார்க்கிறவராக அல்ல, அங்கே குடியிருப்பவரைப் போல.

காலை 7 மணிக்கே போய்விடுங்கள். பொம்மைக் கடைகள் அப்போது திறந்திருக்கமாட்டா. ஆனால் சைனாடவுன் காம்பிளெக்ஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் மீனும் கீரையும் விற்பனையாகும். தரை ஈரமாக இருக்கும், பார்த்து நடங்கள். மேலே ஏறினால் இருநூறுக்கு மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள். தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை 1983-ல் இங்கே கொண்டுவந்தார்கள். "கோப்பி" என்று கேட்டால் டப்பாப் பால் ஊற்றிய காப்பி வரும். "கோப்பி ஓ" என்றால் பால் இல்லாத காப்பி. மேஜைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், அங்கே உட்காராதீர்கள். அது நாம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல! சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டமாகவே இருக்கிறது.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். சீனச் சைவக் கடைகளும் உண்டு. சந்திரக் கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சீனர்களில் பலர் மாமிசம் தொடுவதில்லை.

பகலில் கிழவர்கள் சதுக்கத்தில் உட்கார்ந்து சீனச் சதுரங்கம் ஆடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஆனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வாசலில் கோலம் போடும்போது யாரோ வந்து முகத்துக்கு நேரே படம் எடுத்தால் எப்படி இருக்கும்? ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிப் பெண்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சீன மொழியில் இந்தப் பேட்டையின் பெயருக்கு "மாட்டுவண்டித் தண்ணீர்" என்று பொருள். குழாய் வருமுன் மாட்டுவண்டியில்தான் தண்ணீர் வந்தது. அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் கூலிகள். மூட்டை சுமந்தவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள். சிவப்புத் தலைத்துணி கட்டிய சம்சுயி பெண்கள் கட்டட வேலை செய்தார்கள். ஒரு சிறு அறையைப் பலகையால் தடுத்து, பல பேர் முறைபோட்டுப் படுத்தார்கள்.

கடை வாசல் தாழ்வாரங்களில் மேஜை போட்டுக் கடிதம் எழுதுவோர் உட்கார்ந்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலி சொல்லச் சொல்ல, அவர் எழுதுவார். பணமும் கடிதமும் சேர்ந்தே சீனாவுக்குப் போகும். அப்படிப் போன கடிதங்களை 2013-ல் யுனெஸ்கோ உலக ஆவணங்களில் சேர்த்தது. தபாலாபீஸ் வாசலில் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுத்தவர்களை நம் பெரியவர்களும் மறந்திருக்கமாட்டார்கள். மகன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு, இந்தச் சீனக் கூலியின் கதையை வேறு யாரும் விளக்க வேண்டுமா?

எல்லோரும் ஊர் திரும்பவில்லை. சாகோ சந்து என்று ஓர் இடம். உறவினர் இல்லாத முதியவர்கள், கடைசி நாட்களைக் கழிக்க அங்கிருந்த "சாவு வீடு"களில் போய்ப் படுத்தார்கள். சேர்த்து வைத்த காசைக் கொடுத்துத் தங்கள் சவ அடக்கத்துக்குத் தாங்களே ஏற்பாடு செய்தவர்களும் உண்டு. 1961-ல் அரசு அவற்றைத் தடை செய்தது. இன்று அந்தச் சந்தை ஒட்டி, 2007-ல் திறந்த பெரிய புத்தர் கோயில் பளபளக்கிறது. படம் எடுப்பவர்கள் அங்கேதான் மொய்க்கிறார்கள். சந்திலும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

மாலையில் மாரியம்மன் கோயிலுக்கு வாருங்கள். கும்பிட வரும் சீனர்களையும் அங்கே காணலாம். ஐப்பசியை ஒட்டிப் போகிறவர்கள் தீமிதி என்றைக்கு என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் பக்தர்கள், சுமார் 4 கிலோமீட்டர் நடந்து, மாரியம்மன் கோயிலுக்கு வந்துதான் தீ மிதிக்கிறார்கள்.