வலிக்கவில்லையே!

தியாகராய நகர் நடேசன் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களின் பேச்சைக் கேளுங்கள். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்பதைப் பரீட்சை மார்க்கைப் போல உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். யார் வீட்டிலாவது புற்றுநோய் என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். 'அந்த வியாதியாம்' என்பார்கள். பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொண்டுவிடும் என்று பயம் போலிருக்கிறது!

இந்த மௌனத்துக்கு நாகரிகம், கருணை என்றெல்லாம் பெயர் சூட்டுகிறார்கள். நான் இதைக் கொலைக்கு உடந்தை என்கிறேன். கடுமையான வார்த்தைதான். காரணமும் சொல்கிறேன்.

அந்த நோயே ஆரம்பத்தில் மௌனி. உடம்பில் ஓர் உயிரணு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பிளந்து பிளந்து பெருகுகிறது. கடுகளவு, மிளகளவு இருக்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. வீட்டுப் பிள்ளையே திருடினால் நாய் குரைக்குமா? வளர்ந்த பிறகுதான் தொல்லை. உணவுக் குழாயை அடைத்தால் சோறு இறங்காது. பித்தக் குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும். கட்டி புண்ணாகி ரத்தம் கசியும். நாள்தோறும் கசிந்தால் சோகை பிடித்து, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். நோய் கிளப்பிவிடும் ரசாயனங்கள் பசியைக் கெடுத்துத் தசையைக் கரைக்கும். பிறகு ரத்தத்திலும் நிணநீரிலும் பிரயாணம் செய்து எலும்பையோ நரம்பையோ பிடிக்கிறதே, பல பேருக்கு அப்போதுதான் வலி வருகிறது.

நாமோ அந்த வலியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறோம்! மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. 'வலிக்கவில்லையே' என்று ஒரு சமாதானம். மாதவிலக்கு நின்று பத்து வருஷமான அம்மாள் மறுபடி ரத்தம் கண்டால், பெற்ற பெண்ணிடம்கூடச் சொல்லாமல் துணியைத் தானே அலசிப் போடுகிறாள். மலத்தில் ரத்தமா? மூலச் சூடு, மோர் குடி! வாயில் வெள்ளைத் திட்டா? அதன்மேலேயே புகையிலையை அடக்கிக்கொள்கிறார் பெரியவர்.

கடைசியில் டாக்டரிடம் போகச் சொன்னால், 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்கிறார்கள். கத்தியின்மேல் ஏன் ஐயா பழி? நீங்கள் மோர் குடித்துக் காத்திருந்த மாதங்களில் அல்லவா அது பரவியது?

எல்லாக் கட்டியும் புற்றல்ல. எல்லா ரத்தமும் புற்றல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்; பக்கத்து வீட்டு மாமி அல்ல. 'தெரிந்தால் நோயாளி பயந்துவிடுவார்' என்கிறீர்கள். உடம்பு அவருடையது. அதில் நடப்பதை அவருக்கே மறைக்க நாம் யார்?

1912-இல் டாக்டர் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கையையே 1923-இல் மலக்குடல் புற்றுநோய் கொண்டுபோயிற்று. குடும்ப கௌரவம் என்று அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. ஊரறியப் பேசினார்; நிதி திரட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா மயிலாப்பூரில் பிறந்தவர். 2021 ஜனவரியில் கண் மூடும்வரை அந்த ஸ்தாபனத்தோடேயே வாழ்ந்தார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்பதை ஓயாமல் வலியுறுத்தினார்.

அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? மயிலாப்பூர்க் குளத்தங்கரையிலிருந்து அடையாறு பஸ்ஸில் அரைமணி தூரம். நம் வீட்டு அம்மாள் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வருஷம் பிடிக்கிறதென்றால், குற்றவாளி யார்? நோய் மட்டுமா?