சிட்டி ஹோல் யாருக்குத் தூரம்?

2020 ஜூனில் மேயர் சாதிக் கான் ஒரு யோசனை சொன்னார். டவர் பிரிட்ஜ் அருகே வாடகைக் கட்டிடத்தில் இருந்த சிட்டி ஹோலை, நியூஹாமின் ரோயல் டொக்ஸில் உள்ள சொந்தக் கட்டிடத்துக்கு மாற்றலாம் என்றார். ஐந்து ஆண்டுகளில் 61 மில்லியன் பவுண் மிச்சம் என்று கணக்குக் காட்டி, நவம்பரில் முடிவும் எடுத்தார். எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, தூரம்.

யாருக்குத் தூரம்? வெஸ்ட்மின்ஸ்டரில் இருப்பவருக்குத் தூரம். ஈஸ்ட்ஹாமில் கடை நடத்தும் மாமாவுக்குப் பக்கம். எங்கள் அம்மா அப்பா ஒவ்வொரு கடிதத்தையும் தூக்கிக்கொண்டு நகரத்தின் மறுமுனைவரை பஸ் ஏறினார்களே, அப்போது தூரத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

அதற்காக நான் கைதட்டவும் மாட்டேன். கட்டிடம் பக்கத்தில் வந்தால் அதிகாரமும் கூடவே வந்துவிடாது. 2024 மேயர் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 40 வீதம்தான். வதிவிட அனுமதி உள்ள இலங்கை, இந்தியக் குடிமக்களுக்கும் அந்த வாக்கு உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. உங்கள் வீட்டில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? இன்றைக்கே கேளுங்கள்.

பஸ் கட்டணம், பொலிஸ், வீடு பற்றி 25 அசெம்பிளி உறுப்பினர்கள் மேயரை ஆண்டுக்கு 10 முறை கேள்வி கேட்கிறார்கள். பார்க்கப் போவது இலவசம். ரோயல் விக்டோரியா டிஎல்ஆர் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். உங்கள் கேள்வியை உங்கள் உறுப்பினருக்கு எழுதி அனுப்புங்கள். பிறகு நேரில் போய் இருந்து, அவர் அதைக் கேட்கிறாரா என்று பாருங்கள்.