விருந்தாளியின் தவணை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. நாலாம் நாளும் இலை போடுவது வீட்டுக்காரர் மனத்தைப் பொறுத்தது. விருந்தாளியின் பசியைப் பொறுத்ததன்று. அந்நிய தேசம் செல்லும் பிரயாணிக்கும் இதே தர்மந்தான். அங்கே பாட்டியின் வாக்குக்குப் பதிலாகப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இருக்கும்; அவ்வளவே வித்தியாசம்.

ஒரு நவராத்திரிச் சமயத்தில் நாமும் நம் நண்பர் ஒருவரும் தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் தங்கியிருந்தோம். அந்நகரின் சீலோம் வீதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. விஜயதசமி இரவு அம்மன் வீதிவலம் வருவதைத் தரிசிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்பது நண்பரின் சங்கல்பம். "விசா முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறதே!" என்று நிம்மதியாக இருந்தார்.

நமக்குச் சந்தேகம் தட்டியது. அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தோம். நண்பர் நம்பியிருந்த தேதி, அந்தத் தேசத்துக்குள் நுழைவதற்குக் கொடுத்த கெடு. தங்குவதற்குக் கொடுத்த தவணை வேறு. அது வந்திறங்கிய அன்று அதிகாரி இட்ட முத்திரையில் இருந்தது. வந்த நாளையும் சேர்த்து 60 நாள். அந்தக் கணக்குப்படி விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்னதாகவே தவணை தீர்ந்துவிடுகிறது! திரும்பும் விமானமோ விஜயதசமிக்கு மறுநாள்.

நண்பர் சற்றே திகைத்தார். உடனே கணக்குப் போட ஆரம்பித்தார். தவணையை 30 நாள் நீடிக்கக் கட்டணம் 1,900 பாட். கேளாமல் தங்கினால் அபராதம் நாளொன்றுக்கு 500 பாட். மூன்று நாளுக்கு 1,500.

"பார்த்தீரா ஐயா! சட்டப்படி நடந்தால் 400 பாட் நஷ்டம். சட்டத்தை மீறினால் அதுவே லாபம்!" என்றார்.

கூட்டல் கழித்தலில் பிழை ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அபராதத்தோடு விஷயம் முடிவது, விமான நிலையத்துக்குத் தாமாகவே போய்ச் சேருகிறவர்களுக்குத்தான். 2016 மார்ச் 20 முதல் அங்கே அமலுக்கு வந்த விதியின்படி, தவணை கடந்தவர் வழியில் பிடிபட்டால், மீறியது ஓராண்டுக்கு உட்பட்டதேயானாலும், ஐந்து ஆண்டுகளுக்கு அந்நாட்டில் காலெடுத்து வைக்க முடியாது. 400 பாட்டை மிச்சம் பிடிக்க ஐந்து வருஷத்தைப் பணயம் வைக்கும் வியாபாரத்தை என்னவென்று சொல்வது?

மறுநாள் காலையில் சேங் வத்தனாவிலுள்ள குடிவரவு அலுவலகத்துக்கு நண்பரை அழைத்துச் சென்றோம். விண்ணப்பத் தாள், புகைப்படம், பாஸ்போர்ட்டின் நகல்கள் எல்லாம் கையில் இருந்தன. ஆயினும் ஒரு தடங்கல் நேர்ந்தது. அந்நியரைத் தங்க வைத்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நண்பர் தங்கியிருந்த வீட்டுக்காரர் அதை மறந்தே போயிருந்தார். அன்று வெறுங்கையோடு திரும்பி, வீட்டுக்காரரைக் கொண்டு அதைச் செய்வித்து, மறுபடியும் போனோம். தவணை தீர ஐந்து நாள் இருந்ததால் ஒரு நாள் வீணானது பெரிதாகத் தெரியவில்லை. கடைசி நாளன்று போயிருந்தால்?

ஆகவே நேயர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டே. வந்திறங்கியதும் முத்திரையிலுள்ள தேதியைப் பாருங்கள். மேலும் தங்க வேண்டுமானால் சில நாள் முன்னதாகவே கேளுங்கள். நீடித்த நாட்கள் பழைய தவணை முடிவிலிருந்தே எண்ணப்படுகின்றன. முன்கூட்டிக் கேட்டதனால் ஒரு நாளும் குறையாது. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் இஷ்டம். நாம் கேட்பது உரிமையன்று, அநுமதி.

அநுமதி கேட்பது கௌரவக் குறைவு என்று சிலர் நினைக்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. 1947-க்கு முன் கடல் கடந்த நம்மவர்கள் பிறர் ஆட்சியின் பிரஜைகளாகப் பாஸ்போர்ட் ஏந்திச் சென்றார்கள். இன்று நம் பாஸ்போர்ட்டைத் திறந்தால், இவரைத் தடையின்றிச் செல்ல விடுங்கள், வேண்டிய உதவி செய்யுங்கள் என்று இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் உலகத்தாரைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் இருக்கிறது. தேசமே நமக்காக ஒரு வார்த்தை கேட்டு அனுப்பியிருக்கும்போது, நாம் கேளாமலே தங்கிவிட்டால் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? நம் பின்னால் அதே பாஸ்போர்ட்டோடு வருகிறவரையும் அல்லவா அதிகாரி ஏற இறங்கப் பார்ப்பார்?

விஜயதசமி இரவு சீலோம் வீதியில் ஜன சமுத்திரம். விளக்கொளியில் அம்மன் பவனி வந்தாள். கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் நண்பரின் தோளருகே வந்து நின்றார். நண்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரு கையும் தலைமேல் கூப்பி நின்றார். 400 பாட்டுக்கு அந்த நிம்மதி மலிவுதான்.