ஆக்கியவன் மொழியே பெயராகும்!

ஒரு பொருளை எவன் ஆக்குகின்றானோ, அவன் மொழியே அப்பொருளுக்குப் பெயர் தரும். இவ்வுண்மையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆரோவில்லை அடுத்த கடற்கரையில் நின்று பார்த்தாலே போதும்.

அங்குக் கரையேறிக் கிடப்பது கட்டுமரம். மரங்களைப் பிணித்துக் கடலை வென்றவன் தமிழன். ஆகலின், 17ஆம் நூற்றாண்டில் அதனைக் கண்ட ஆங்கிலேயன் தன் மொழியில் வேறு சொல் தேடவில்லை. தமிழ்ச்சொல்லையே சற்றுச் சிதைத்து எடுத்துக்கொண்டான். வடக்கே உப்பளங்கள் வெண்மை பூத்துக் கிடக்கும் மரக்காணம், சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி எனத் தமிழில் இத்துணைப் பெயர்கள் இருப்பது, அத்துணையும் செய்தும் செலுத்தியும் தமிழன் வாழ்ந்தமையால் அன்றோ? மேற்கே இரும்பை, குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி எனத் தமிழூர்கள் சூழ 1968இல் எழுந்த நகருக்கோ ஆரோவில் என்பது பெயர். அரவிந்தர் பெயரும், நகரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் இணைந்தது அது. அங்கும் ஆக்கியோர் இட்ட பெயரே நின்றது.

கடலுக்கும் நிலத்துக்கும் உரிய இவ்விதி வானுக்கும் உரியதே.

புரான் என்னும் தன் விண்ணோடத்தைச் சுமந்து செல்ல ஓர் ஊர்தி வேண்டுமெனச் சோவியத்து ஒன்றியம் முனைந்தது. அப்பணியை ஏற்ற கீவ் நகரத்து அந்தோனோவ் வடிவமைப்பகம், 1982இல் முதன்முதல் பறந்த தன் உருசுலான் வானூர்தியை அடியாகக் கொண்டது. அதன் உடலை நீட்டினர். நான்கு பொறிகளை ஆறாக்கினர். முதுகில் அமரும் ஓடம் பின்புறக் காற்றோட்டத்தைக் கலைக்குமாதலின், ஒற்றை வாலை இரண்டாக்கி இருபுறமும் அகற்றி நிறுத்தினர். அடியில் 32 உருளைகளைப் பூட்டினர். சிறகின் விரிவு 88 மீட்டர். புறப்படும் எடை 640 தொன். 1988 திசம்பர் 21ஆம் நாள் அது வானில் எழுந்தது. 1989இல் புரானை முதுகில் ஏற்றிக்கொண்டு பாரிசுக் கண்காட்சிக்குச் சென்றது. 2001இல் 253 தொன்னுக்கும் மேற்பட்ட சுமையுடன் பறந்து காட்டியது.

அதன் பெயர் மிரியா. கனவு என்பது பொருள். அஃது உருசியச் சொல்லன்று, உக்கிரைனியச் சொல்! உருசிய மொழியே ஓங்கிநின்ற ஒன்றியத்துள், உக்கிரைனிய மண்ணில் உருவான உலகின் மாபெரும் வானூர்தி உக்கிரைனியப் பெயரையே தாங்கிப் பறந்தது. 2022இல் உருசியப் படையெடுப்பின்போது, கீவ் அருகே ஒசுதோமெல் வானூர்தி நிலையத்தில் அவ்வூர்தி அழிந்துபட்டது. உடல் அழிந்தது, பெயர் அழியவில்லை.

தமிழரிடத்தோ சொல் உண்டு, பொருள் இல்லை. வலவன் இன்றியே செல்லும் வானூர்தியைப் புறநானூற்றின் 27ஆம் பாட்டு பேசுகின்றது. அதனைச் சொல்லிச் சொல்லி மகிழ்வோர் பலர். பாடியது புலவனின் கற்பனைத் திறம். பறக்கவிடுவது பட்டறையின் திறம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைத்தல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. பிறர் செய்த பொருளுக்குப் பெயர்த்து வைக்கும் சொல், எத்துணை அழகுடையதாயினும், இரவல் பொருளுக்குத் தைத்த உறையே.

குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்விநிலையம் வானூர்திப் பொறியியலைத் தமிழ் மண்ணிலேயே கற்பித்து வருகின்றது, ஆனால் ஆங்கிலத்தில். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. நிலத்திற்கு இறங்கிய தமிழ் வானுக்கு ஏறலாகாதோ? சொற்கள் இல்லை என்பார் சற்று நின்று எண்ணட்டும்: உடல், வால், சிறகு, பொறி, உருளை என மேலே மிரியாவின் அமைப்பைக் கூறுகையில் தமிழ் எவ்விடத்தேனும் தடுமாறிற்றா?

வானூர்திப் பொறியியல் தமிழில் கற்பிக்கப்படல் வேண்டும். கற்ற இளைஞர் பட்டறையில் இறங்கவும் வேண்டும். கட்டுமரம் கட்டிய கைகளின் வழிவந்தோர் வானூர்தியும் கட்டட்டும். அன்று உலகம் அதன் பெயரைத் தமிழிலேயே கேட்டு வாங்கும்!