சோபர் இல்லங்களுக்குச் சான்றிதழ்: பலகையைப் பார்ப்பதா, வீட்டைப் பார்ப்பதா?

குடி அல்லது போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர் மறுவாழ்வு மையத்தை விட்டு வெளியே வந்ததும் எங்கே தங்குவது? அமெரிக்காவில் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில், சோபர் லிவிங் ஹோம். சுருக்கமாகச் சோபர் இல்லம். சாதாரணத் தெருவில் இருக்கும் சாதாரண வீடுதான். மீண்டு வரும் சிலர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள். மதுவும் போதைப்பொருளும் உள்ளே வரக்கூடாது, வேலைக்கோ படிப்புக்கோ போக வேண்டும், கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்பவை வழக்கமான விதிகள். பெரும்பாலான இல்லங்களில் சிகிச்சை எதுவும் தரப்படுவதில்லை.

சிகிச்சை இல்லை என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. சிகிச்சை தரும் மையத்துக்கு உரிமம் வேண்டும். வெறும் தங்குமிடத்துக்குப் பல மாநிலங்களில் அது தேவையில்லை. கலிஃபோர்னியாவில் சேவை எதுவும் தராத சோபர் இல்லத்துக்கு மாநில உரிமம் கிடையாது. நான்கு படுக்கையறை வீட்டை வாடகைக்கு எடுத்து, அறைக்கு மூன்று கட்டில் போட்டு, இணையத்தில் விளம்பரம் செய்ய ஒருவருக்குப் பெரிய தடை இல்லை. நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் உரிமம் கேட்கின்றன. வேறு பல மாநிலங்களில், விரும்பினால் பெற்றுக்கொள்ளலாம் என்ற அளவில் சான்றிதழ் முறை இயங்குகிறது.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை அரிசோனா காட்டியது. 2023 மே மாதம் ஆளுநர் கேட்டி ஹாப்ஸும் தலைமை வழக்கறிஞர் கிரிஸ் மேயஸும் ஒரு பெரிய மோசடியை அறிவித்தார்கள். அமெரிக்கப் பழங்குடியினரை, நவஹோ நிலப்பகுதியிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும், இடமும் சாப்பாடும் தருவதாகச் சொல்லி ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளுக்கு அழைத்து வந்தார்கள். அவர்கள் பெயரில், நடக்காத சிகிச்சைக்கெல்லாம் மாநில மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பணம் நிறுத்தப்பட்டது. உடனே பல வீடுகள் மூடப்பட, அங்கிருந்தவர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தெருவில் நின்றார்கள். இழப்பு 200 கோடி டாலரைத் தாண்டும் என்று மாநில அதிகாரிகள் மதிப்பிட்டார்கள். காணாமல் போனவர்களும் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை.

அதற்கு முன்பே ஃப்ளோரிடாவின் பாம் பீச் வட்டாரத்தில் இதே வியாபாரம் வேறு உருவத்தில் நடந்தது. நல்ல காப்பீடு உள்ள இளைஞருக்கு விமானச் சீட்டும் இலவச வாடகையும் கொடுத்து அழைப்பார்கள். வீட்டுக்காரர் அவரை ஒரு சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்; மையம் தலைக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரருக்குக் கமிஷன் தரும். வாரத்துக்குப் பலமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்து காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் போகும். அவர் மீண்டும் போதைக்குள் விழுந்தால் காப்பீட்டுச் சுற்று முதலிலிருந்து தொடங்கும். அவர் குணமடைவதைவிட விழுவதில்தான் இவர்களுக்கு லாபம். 2018-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய கமிஷனைப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஃப்ளோரிடா எடுத்த வழி கவனிக்கத்தக்கது. 2015-இல் வந்த சட்டப்படி அங்கே சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜூலை முதல், உரிமம் பெற்ற சிகிச்சை மையங்கள் பொதுவாகச் சான்றிதழ் பெற்ற இல்லங்களுக்கு மட்டுமே ஆட்களை அனுப்ப முடியும். ஆள் வரத்து நின்றுவிடும் என்ற பயத்தில் இல்லங்கள் தாமாகவே சான்றிதழ் தேடி வந்தன.

அந்தச் சான்றிதழுக்கு என்ன கேட்கிறார்கள்? விதிமுறைக் கையேடு, கட்டணப் பட்டியல், பணம் திருப்பித் தரும் முறை, பரிசோதனை நடத்தும் விதம், ஒருவர் மீண்டும் குடித்துவிட்டால் என்ன செய்வது, வெளியேற்றுவது எப்படி, அக்கம்பக்கத்தாரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகிய எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காப்பீட்டுச் சான்று, தீயணைப்பு மற்றும் சுகாதார ஆய்வு, உரிமையாளரின் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவையும் வேண்டும். சான்றிதழ் பெற்ற நிர்வாகி ஒருவரும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவான தரங்களை 2011-இல் தொடங்கப்பட்ட மீட்பு இல்லங்களின் தேசியக் கூட்டமைப்பு வகுத்திருக்கிறது. தங்கியிருப்பவர்களே நடத்தும் வீடு முதல் சிகிச்சையும் தரும் வீடு வரை நான்கு நிலைகளாக அது பிரிக்கிறது. சான்றிதழ் வழங்குவது அதன் மாநிலக் கிளைகள்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா இடத்திலும் கட்டாயமாக்கவில்லை? இதற்குச் சட்டக் காரணம் உண்டு. போதையிலிருந்து மீண்டு வருபவர்கள் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின் 1988 திருத்தப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாப்பைப் பெறுகிறார்கள். இப்போதும் சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம், உறவினர் அல்லாதவர் ஐந்து பேருக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் இல்லத்தை எதிர்த்தது. அந்த விதிக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரணக் குடும்பத்திடம் கேட்காத உரிமத்தை இவர்களிடம் மட்டும் கேட்டால் அது பாகுபாடு என்ற வாதம் இன்றும் நீதிமன்றங்களில் எழுகிறது.

அந்த வாதத்தை நாம் எளிதில் ஒதுக்க முடியாது. 1975-இல் மேரிலாந்தில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ், சம்பளம் வாங்கும் மேலாளர் இல்லாமல், தங்கியிருப்பவர்கள் வாக்களித்து நடத்தும் வீடுகளாகவே வளர்ந்தது. ஏழைகள் நம்பியிருக்கும் இப்படிப்பட்ட சிறு வீடுகளைத் தாங்க முடியாத கட்டணத்தாலும் காகிதத்தாலும் மூடவைத்தால், அங்கிருப்பவர் போவதற்குத் தெருவைத் தவிர வேறு இடமில்லை. மறுபுறம், காகிதம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் அரிசோனாவே சாட்சி. சோபர் இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் அங்கே 2018-லேயே வந்துவிட்டது. உரிமம் பெறாத வீடுகளைத் தேடிப் பிடிக்கவும், சிகிச்சைப் பில்களைச் சரிபார்க்கவும் ஆள் இல்லாதபோது சட்டம் ஏட்டில் கிடந்தது.

எனவே ஃப்ளோரிடா வழியே நடைமுறைக்கு ஏற்றது என்று நாம் கருதுகிறோம். வீடு நடத்துவதைத் தடுக்காமல், பொதுப் பணமும் நோயாளிகளும் சான்றிதழ் உள்ள இடத்துக்கே போகும்படி செய்ய வேண்டும். அதோடு சிறு வீடுகளின் சான்றிதழ்க் கட்டணத்தை மாநிலமே ஏற்க வேண்டும். முன்னறிவிப்பில்லாத ஆய்வும், தங்கியிருப்பவர் பயமின்றிப் புகார் சொல்ல ஒரு வழியும் வேண்டும்.

இதில் நம் சமூகத்துக்கும் வேலை இருக்கிறது. குடிப் பிரச்சினை வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், பிள்ளையின் கல்யாணம் நின்றுவிடும் என்று மூடி வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படி மறைக்கும் குடும்பம் தொலைவான மாநிலத்தில், யாரிடமும் விசாரிக்காமல், முதலில் போனை எடுத்தவரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிடும். தரகருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். நம் தெருவில் ஒரு சோபர் இல்லம் வந்தால் வீட்டு விலை இறங்கும் என்று மனுவில் முதல் கையெழுத்துப் போடுபவர்களும் நம்மில் உண்டு. அதே இல்லம் நாளை நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படலாம்.

ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். சான்றிதழ் உண்டா, அதை வழங்கிய மாநில அமைப்பின் பட்டியலில் இந்த முகவரி இருக்கிறதா? வாடகை இலவசம் என்கிறார்களா? அப்படியென்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரே சிகிச்சை மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்களா? மருத்துவர் எழுதிக்கொடுத்த பியூப்ரனார்ஃபின், மெத்தடோன் மருந்துகளை அனுமதிக்கிறார்களா? அளவு மீறியவரை மீட்கும் நாலாக்சோன் வீட்டில் இருக்கிறதா? மீண்டும் குடித்தால் இரவோடு இரவாக வெளியே அனுப்புவார்களா, வேறு பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புவார்களா?

இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரத் தயங்கும் வீட்டில், சுவரில் எந்தச் சான்றிதழ் தொங்கினாலும் நம் பிள்ளையை விட வேண்டாம்.