விண்மீன் கூட்டமும் கணிப்பொறியும்

கணிப்பொறியென்பது சம்பளத்துக்குரிய கருவியென்றே நம் கொங்குநாட்டுப் பெற்றோருட் பலர் கருதுகின்றனர். மாணாக்கரும் அவ்வழியே செல்கின்றனர். இது மாறவேண்டுமென்பது எமது துணிபு.

சித்திரை மாதத்து இரவிற் பத்து மணிக்குமேல் காங்கேயத்து மேய்ச்சற்காடுகளில் நின்று தெற்கே நோக்குவார்க்கு, உச்சிவரையுள்ள உயரத்தில் மூன்றிலொரு பங்களவில் மங்கலான மீனொன்று தோன்றும். அது தனிமீனன்று, ஏறக்குறைய 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு கோடி மீன்கள் செறிந்துள்ள ஒமேகா சென்டாரி என்னுங் கூட்டமாம். கண்ணபுரத்து மாட்டுச்சந்தையில் ஒருவர்க்கு அடுத்தவர் இடித்தலே தெரியும். இங்கோ ஒவ்வொரு மீனும் மற்றெல்லா மீன்களாலும் இழுக்கப்படுகின்றது. ஆயிரம் மீன்களுக்கு 4,99,500 இணைகள். பத்து லட்சத்துக்கோ சுமார் 50,000 கோடி. இவ்வளவையும் கணந்தோறும் புதிதாய்க் கணித்தல் வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், கனத்த மீன் இலேசான மீன்களினூடே செல்லுங்கால் வேகங்குன்றும் என்பதை 1943-இல் எழுதுகோல் கொண்டே நிறுவினார். கனத்தவை கூட்டத்தின் நடுவே சென்று தங்குவது இதனாலேயே. ஜெர்மானியராகிய ஃபான் ஹோர்னர் 1960-இல் 16 மீன்களையே பொறியில் இயக்கிக் காட்டினார். 2016-இல் வெளிவந்த கணிப்பொன்றில் மீன்கள் பத்து லட்சமாயின.

ஆயினும் மீன்கள் இயங்குவதோடு மூப்பும் அடைகின்றன. ஒரு கூட்டத்து மீன்கள் ஏறத்தாழ ஒருங்கே பிறந்தவை. ஆகவே பழங்கூட்டத்தில் வெப்பமிக்க நீலமீன்கள் எஞ்சியிருத்தலாகாது. எஞ்சியிருக்கின்றனவே! மோதி ஒன்றானவையோ, துணைமீனின் பொருளை உண்டு இளமை பெற்றவையோ? 2015-இல் ஏவப்பெற்ற அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி கொண்டு பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் என்.ஜி.சி. 188 என்னுங் கூட்டத்தை ஆராய்ந்து, அத்தகைய நீலமீனொன்றுக்கு வெப்பமிக்க துணையுண்டென 2016-இல் வெளியிட்டனர். பின்னைய விடைக்கு அது வலுவாகும். பொறி தரும் எண்களையே மெய்யெனக் கொள்வார் இதனை நோக்குவாராக. கண்ணாற் காணாத கணக்கு பாதி வேலையே.

காங்கேயத்து மாணாக்கனுக்கு இதனாற் பயனென்னவென்று வினவுவாருமுளர். பிறர் ஆக்கிய நிரலை இயக்குவோனாக அவன் நின்றுவிடலாகாதென்பதே எமது விடை. இயற்பியற்றுறையும் கணிப்பொறித்துறையும் கூடி, நூறு மீன்களின் இயக்கத்தைத் தாமே எழுதும்படி இறுதியாண்டு மாணாக்கரை ஏவுதல் வேண்டும். இதற்குச் சாதாரணப் பொறியே போதும். கூட்டத்தின் மொத்த ஆற்றல் தொடக்கத்திலிருந்தவாறே இறுதியிலும் உளதாவென்று நோக்கின், எழுதியவன் பிழை தானே வெளிப்பட்டுவிடும்.